ராமநாதபுரம் கடலோரத்தில் கூடாரம் போட்டுத் தங்க: முதல்முறை போகிறவர்களுக்கு

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் உச்சிப்புளி, மண்டபம் சுற்றிலும், அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவிலும் கடலை ஒட்டிச் சின்னச் சின்ன முகாம்கள் இருக்கின்றன. நான்கைந்து கூடாரம், இரண்டு மூன்று பனையோலைக் குடில், ஒரு பொதுச் சமையலறை, ஒரு கிணறு. அவ்வளவுதான். ஏசி கிடையாது, ஷவர் பெரும்பாலும் கிடையாது, கழிப்பறை நீங்கள் பழகிய மாதிரி இருக்காது. மலையில் கூடாரம் போட்டுப் பழகியவர்களும் இங்கே புதியவர்கள்தான். மலையில் குளிரும் மழையும் பார்த்துப் போவோம். இங்கே பார்க்க வேண்டியவை காற்று, மணல், தண்ணீர்.

இந்தக் கட்டுரை மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டும் தொடும் இந்தக் கரைக்கு மட்டுமே எழுதியது. மகாபலிபுரத்துக்கோ கோவாவுக்கோ அப்படியே பொருந்தாது.

முதலில் காற்று, அப்புறம் தேதி

லீவு எப்போது கிடைக்கிறது என்று பார்த்து டிக்கெட் போடுவதுதான் நம் வழக்கம். இங்கே அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஒரு பக்கம் வடகடல், அதாவது பாக் நீரிணை. இன்னொரு பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் ஆட்டோக்காரரைக் கேட்டால் பெண் கடல், ஆண் கடல் என்று சொல்லிக் காட்டுவார். ஒன்று அமைதி, மற்றது ஆவேசம் என்பது அவர் சொல்லும் விளக்கம். அது பாதி உண்மை. எந்தக் கடல் ஆவேசமாக இருக்கும் என்பது மாதத்தைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் குளம்போலக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் நிலைமை மாறும். வடகடலில் அலை எழும், தென்கடல் அடங்கும். எனவே "எந்த மாதம் போகலாம்" என்ற கேள்வியோடு "எந்தக் கரையில்" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை. மழை முடிந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், இரவில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ச்சி உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பகல் பதினொன்றுக்கு மேல் கூடாரத்துக்குள் உட்கார முடியாது. கச்சான் காலத்தில் வரலாம், காற்றாடிச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) பழக வருகிறவர்கள் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் ராத்திரி முழுக்கக் கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடி புயலில் அழிந்து போனது இந்த வாடைக் காலத்தில்தான். 2018-இல் கஜா புயல் வந்ததும் நவம்பரில்தான். எப்படியும் போகிறேன் என்பவர்கள் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், அது எந்த எண் கூண்டு என்று ஆராய வேண்டாம். பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

"இயற்கையோடு இணைந்த தங்குமிடம்" என்று எல்லாரும் பலகை வைக்கிறார்கள். புல்தரையும் நீச்சல்குளமும் இருக்கிற இடம் தன்னை என்ன பெயரிட்டு அழைத்துக்கொண்டாலும், இந்த வறண்ட கரையில் அது இயற்கையோடு இணைந்தது அல்ல. போனில் இவற்றைக் கேளுங்கள்:

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிப்பறைக் கழிவு எங்கே போகிறது? ராத்திரி விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்? குப்பையை என்ன செய்கிறீர்கள்?

நல்ல இடம் என்றால் எதிர்முனையில் இருப்பவர் உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிடுவார், நிறுத்துவதே கஷ்டம். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பட்டா நிலத்தில்தான் முகாம் இருக்கிறதா என்பதையும் நேராகவே கேட்டுவிடலாம். 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலைக்கோட்டை ஒட்டி என்னென்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறது. திறந்த கடற்கரையில் நினைத்த இடத்தில் கூடாரம் போட்டால் நள்ளிரவில் கடலோரக் காவல் குழுமத்தார் வந்து எழுப்புவார்கள். இது எல்லைக் கடல். கடத்தலும் ஊடுருவலும் கண்காணிக்கப்படும் கரை. அவர்கள் செய்வதில் தவறில்லை.

"தீவுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு நைட் தங்க வைக்கிறோம்" என்று யாராவது ஆசை காட்டினால் உடனே மறுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றம். தனுஷ்கோடியிலும் இரவு தங்க முடியாது, மாலையானதும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

முன்பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: புயல் எச்சரிக்கையால் வர முடியாமல் போனால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுவது நல்லது.

மூட்டை

அடையாள அட்டை எல்லாருக்கும் வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் கூட வந்தால் முகாமிடம் முன்பே சொல்லுங்கள். அவர்கள் தங்குவதை முகாம்காரர் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், சின்ன முகாம்கள் சிலவற்றில் அதற்கான வசதி இருக்காது. ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது.

துணியில் பருத்தி முழுக்கை சட்டை இரண்டு, லுங்கி, நல்ல தடிப்பான துண்டு, காது மூடும் தொப்பி. முகத்தில் பூசும் வெயில் கிரீமை விட முழுக்கை சட்டை மேல். வேர்வையில் வழியாது, கடலில் கரைந்து பவளத்துக்கும் கெடுதல் செய்யாது. சில கிரீம்களில் இருக்கும் ஆக்சிபென்சோன் பவளப்பாறைகளைப் பாதிக்கும் என்பதால் ஹவாய் மாநிலம் 2018-இலேயே அதன் விற்பனைக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே நீங்கள் குளிக்கிற கடலிலும் பவளப்பாறை இருக்கிறது.

எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர் ஒரு செட். மஞ்சப்பை இரண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டத்தை விடுங்கள், சின்ன முகாமில் குப்பை வண்டி வராது. சிப்ஸ் பாக்கெட் கொண்டுபோனால் அந்தக் காலி உறையோடுதான் ஊர் திரும்ப வேண்டும். தின்பண்டத்தைத் தூக்கு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

கட்டாயம் எடுக்க வேண்டியதும் பலர் மறப்பதும் இது: காலியான அரிசிப் பை, ஐந்து கிலோ அளவில், ஆறு. ஏன் என்று கீழே வருகிறது. கூடவே பத்து மீட்டர் நைலான் கயிறு, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு, தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க். சோலாரில் ஓடும் முகாமில் பகலில்தான் சார்ஜ் போட விடுவார்கள்.

மணலில் கூடாரம் நிற்க

ரயிலில் ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம், எது அருகோ அங்கே இறங்கிக்கொள்ளலாம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து தீவுக்குள்ளும் ரயில் போகிறது. மாலை நான்கு மணிக்குள் முகாமுக்குப் போய்ச் சேருங்கள். இருட்டில் மணலில் கூடாரம் கட்டுவது அனுபவசாலிகளுக்கே எரிச்சலான வேலை.

இடம் தேர்வு. அலை கடைசியாக வந்து போன கோடு மணலில் தெரியும்: காய்ந்த கடல் தாழை (கடலடியில் வளரும் புல்) கருப்பாக வரிசை கட்டிக் கிடக்கும். அதற்கு நன்றாக மேலே, மேட்டுக்குப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தக் கோடு மேலேறும். ஆனால் மேட்டில் படர்ந்திருக்கும் அடம்புக் கொடி மேலோ ராவணன் மீசைப் புல் மேலோ கூடாரம் போடாதீர்கள். மணல்மேட்டைக் கட்டிப்பிடித்து நிறுத்தியிருப்பவை அவைதான். ராவணன் மீசையின் நுனி கூடாரத்தின் அடித்துணியை ஊசிபோலத் துளைத்தும் விடும், ஆக உங்கள் நன்மைக்கும் சொல்கிறேன். தென்னை மரத்தடி நிழலைப் பார்த்து மயங்க வேண்டாம். மட்டையும் தேங்காயும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

இப்போது அரிசிப் பை. கூடாரத்தோடு வரும் கம்பி முளை மணலில் நிற்காது. குத்தியதும் நிற்பதுபோலத் தெரியும், ஒரு பலத்த காற்றில் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல உருவிக்கொண்டு வந்துவிடும். பையில் முக்கால் அளவு மணலை நிரப்பி வாயைச் சுருட்டிக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கயிற்றின் மறுமுனை கூடாரத்தின் காதில். கை முழங்கை வரை போகும் ஆழத்துக்குக் குழி தோண்டி, பையைப் படுக்கை வாட்டில் இறக்கி, மேலே மணல் தள்ளி, ஒரு குவளை கடல்நீர் ஊற்றிக் காலால் மிதித்து இறுக்குங்கள். கயிறு தரையோடு சாய்வாக வர வேண்டும், நட்டுக்குத்தலாக நிற்கக் கூடாது. நான்கு மூலைக்கு நான்கு பை, காற்று வரும் பக்கத்துக்குக் கூடுதலாக இரண்டு. இப்படிக் கட்டினால் கச்சான் காலத்துக் காற்றும் அசைக்காது.

வாசல் காற்றுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். கடலைப் பார்த்து வாசல் வைக்க எல்லாருக்கும் ஆசைதான். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் விடிவதற்குள் உங்கள் படுக்கையில் ஒரு படி மணல் இருக்கும். மேலே உள்ள சின்னக் காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். கடலோர ஈரமும் உங்கள் மூச்சும் சேர்ந்து உட்பக்கம் நீர் கோத்து, அதிகாலையில் முகத்தில் சொட்டும்.

தண்ணீர், கழிப்பறை

முகாமில் "ஒருவருக்குக் குளிக்க ஒரு வாளி" என்று எழுதி வைத்திருப்பார்கள். பணம் கொடுத்து வந்திருக்கிறோம், ஒரு வாளிக்குக் கணக்கா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கணக்கின் காரணம் காலுக்கடியில் இருக்கிறது.

கடலோர மணலுக்குள் மழைநீர் இறங்கி, உள்ளே பரவியிருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் மேலே நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குச் சில தப்படி தள்ளிக் கையால் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் நல்ல தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களைப் பார்க்கலாம். அதன் சூட்சுமம் இதுதான். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது இறங்கியிருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிந்தவர்கள் போடும் கணக்கு. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதையே திருப்பிப் போடுங்கள்: மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வர இடமாகும். ஒருமுறை உப்பேறிய கிணறு நல்ல மழை பல பெய்யாமல் திரும்பாது. பக்கத்து மீனவர் வீடுகளும் அதே நீரைத்தான் குடிக்கின்றன. ஐந்து நிமிட ஷவரில் ஐம்பது லிட்டர் போய்விடும். ஒரு வாளி என்பது கஞ்சத்தனம் இல்லை.

கடலில் குளித்துவிட்டு வந்ததும் முதலில் துண்டால் மணலைத் தட்டி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். அப்புறம் தலைக்கு நான்கு குவளை, உடம்புக்கு மீதி. பயத்தமாவு, சீயக்காய் கொண்டு போனால் நுரை போக அலச வேண்டியதில்லை. கிணற்றடியில் நின்று குளிக்கவே கூடாது, அழுக்கு நீர் அங்கேயே இறங்கும்.

கழிப்பறை. மணலில் குழி எடுத்துக் கழிவை விட்டால் அது வடிகட்டப்படாமல் சீக்கிரமே கிணற்றுக்குப் போகும். அதனால் ஒழுங்கான முகாம்களில் தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை வைத்திருப்பார்கள். திருச்சி மாவட்டம் முசிறி பக்கம் கிராமங்களில் இதைப் பல வருடங்களாகவே பயன்படுத்துகிறார்கள். புதியவர்கள் பயப்படுவதுபோல எதுவும் இல்லை, நாற்றமும் இருக்காது, சரியாகப் பயன்படுத்தினால். நடுவில் உள்ள துளை மலத்துக்கு மட்டும். முன்பக்கச் சரிவு சிறுநீருக்கு, அது தனிக் குழாயில் போய்விடும். கால் கழுவ ஒரு எட்டு தள்ளி உட்கார வேண்டும், அங்கே தனி வடிகால் இருக்கும். நடுத் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது. முடிந்ததும் பக்கத்தில் உள்ள வாளியிலிருந்து இரண்டு கை சாம்பலைத் தூவி மூடியை மூடுங்கள். ஈரம் சேர்ந்தால்தான் நாறும், ஈ வரும். ஒரு தொட்டி நிறைந்ததும் அதைப் பல மாதம் மூடி வைத்து, மக்கியதும் மரங்களுக்கு உரமாகப் போடுவார்கள். நாப்கின், குழந்தைகளின் டயப்பர் எதையும் உள்ளே போடாதீர்கள். காகிதத்தில் சுற்றி உங்கள் பையிலேயே ஊருக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.

இரவு

ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் என்பதால் இதில் இன்னும் கண்டிப்பு இருக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு, இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று நம்பி ஓடுகிறது. வெள்ளை எல்இடி ஒன்று எரிந்தால் போதும், ஊர்ப்பக்கம் போய் நாய்க்கும் நண்டுக்கும் இரையாகும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், நடக்கப் போதுமான வெளிச்சம் வரும். ஆமை கரையேறுவதைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். முன்னால் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள். முகாம்காரரிடம் சொன்னால் வனத்துறைக்குத் தகவல் போகும். தனுஷ்கோடிப் பக்கம் அவர்கள் முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கிறார்கள்.

கேம்ப் ஃபயர் கேட்காதீர்கள். காற்றும் பனையோலையும் இருக்கிற இடத்தில் நெருப்பு விளையாட்டு வேண்டாம். காலையில் செருப்பைத் தட்டிவிட்டு மாட்டுங்கள், தேள் இருக்கலாம்.

கடலில் இறங்கும்போது

கச்சான் காலத்தில் வடகடலைப் பார்த்தால் குழந்தையைக் கூட இறக்கிவிடலாம்போல இருக்கும். கவனம் தேவைப்படுவது அப்போதுதான். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. காற்றடைத்த மிதவையிலோ துடுப்புப் படகிலோ உட்கார்ந்தால் அலையே இல்லாமல் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும், திரும்பத் துடுப்பு போடும்போதுதான் தெரியும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள், மிதவையை எடுத்து வரவே வேண்டாம். துடுப்புப் படகு ஆசை இருந்தால் ஒரு பகல் ஒதுக்கித் தொண்டி அருகே காரங்காட்டுக்குப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களே வனத்துறையோடு சேர்ந்து கூட்டிப் போகிறார்கள், முதல்முறைக்கு அது நல்ல இடம்.

ஆழமில்லாத மணல் தரையில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிவிடும். முள் குத்திவிட்டால் பொறுக்கிற அளவு சூடான நீரில் காலை அரை மணிக்கு மேல் வைத்திருங்கள், வலி இறங்கும்; பிறகு ஆஸ்பத்திரி. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணலால் தேய்த்தாலோ எரிச்சல் அதிகமாகும். ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் உதவி 1093.

ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் பைக்குள் போடாதீர்கள். செத்துக் கிடந்தாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விடாது.

ஊரோடு

விடிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனால் கயிற்றைத் தாண்டி நடக்காமல் சுற்றிப் போங்கள். "அண்ணே, நானும் கொஞ்சம் பிடிக்கட்டுமா" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், நான்கு இழுப்பில் உள்ளங்கை சிவந்துவிடும். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் செருப்புக் காலோடு ஏறாதீர்கள். பாசி எடுக்கப் போகும் அக்காமார்களை, கருவாடு காயப் போடுபவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

மீன் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்பது நெடுநாள் வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போதும் நாட்டுப்படகு போகும், மீன் கிடைக்கும், விலை ஏறும். சீலா வேண்டும், கொடுவா வேண்டும் என்று அடம்பிடிக்காமல் அன்றைக்கு வந்த சூடையோ நகரையோ வாங்கி முகாமில் கொடுங்கள். சூடையைப் புளி கூட்டி மண்சட்டியில் வைத்த குழம்புக்கு முன்னால் சீலா வறுவல் நிற்காது என்பது என் கட்சி.

கிளம்பும் நாள்

அரிசிப் பைகளைத் தோண்டி எடுத்து, மணலை அதே குழியில் கொட்டி மூடுங்கள். பையை விட்டுவிட்டு வந்தால் அது நார்நாராகப் பிய்ந்து கடலுக்குப் போகும். கூடாரத்தை அங்கே கழுவ வேண்டாம், அந்தக் கிணற்றுக்கு அது தாங்காது. உதறி, சுருட்டி எடுத்து வந்து, வீட்டுக்கு வந்த அன்றே குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். கம்பிகளின் மூட்டுகளையும் அலசுங்கள். ஜிப்பின் பற்களில் உப்பு உட்கார்ந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை இரண்டு முறை ஓட்டி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஜிப் திறக்காது, புதிதாக மாற்றக் கூடாரத்தின் விலையில் பாதியைக் கேட்பார்கள்.